இரண்டு குதிரைகளுக்குத் திறந்தவெளிக் கொட்டகை: என் திட்டத்தில் என்ன பிழை?

மேய்ச்சல்வெளி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு குதிரைகள் உள்ளன. ஒன்று 19 வயதுப் பெட்டை; மற்றொன்று காயடித்த, 5 வயது ஆண் குதிரை. இரண்டும் பகலும் இரவும் மேய்ச்சல் நிலத்திலேயே இருப்பவை. நிலத்தின் நடுவில் நின்ற பெரிய மரம்தான் இதுவரை அவற்றுக்குக் கூரையாக இருந்தது. அண்மையில் வீசிய காற்றில் அது வேரோடு சாய்ந்துவிட்டதால், கொட்டகை ஒன்று கட்டியே தீர வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன்.

என் திட்டம் இதுதான். 16 அடி நீளம், 10 அடி அகலம், நான்கு புறமும் சுவர், 4 அடி அகலத்தில் ஒரு வாசல், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. தண்ணீர்க் குழாய் அருகிலேயே இருப்பதால், நிலத்தின் கீழ்க்கோடி மூலையில் வேலியை ஒட்டிக் கட்டிவிடலாம் என நினைக்கிறேன். கையில் பழைய தகரத் தகடுகள் நிறைய இருப்பதால் சுவருக்கும் அவற்றையே பயன்படுத்த எண்ணம். குதிரைகளின் உயரம் ஏறத்தாழ 15 கை, அதாவது ஒன்றரை மீட்டர். தூண் நடுவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

குளம்படி:

நண்பரே, தூண் நடுவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. உங்கள் திட்டம் மனிதர் தங்குவதற்கு ஏற்றது. அதில் இரண்டு குதிரைகளை விட்டால், சிறியதோ கிழமோ ஒன்று அடிபட்டுத்தான் வெளியே வரும்.

இரண்டே இரண்டு குதிரைகள் இருந்தாலும் அவற்றுக்குள் மேல், கீழ் என்னும் வரிசை உண்டு. மேல்நிலையில் இருப்பது காதைப் பின்னுக்கு மடித்தாலே மற்றது விலகிச் செல்லும். விலக இடமில்லாதபோதுதான் உதை விழும். 4 அடி வாசலின் குறுக்கே ஒரு குதிரை நின்றுவிட்டால், உள்ளே இருப்பது சிறைப்பட்டதாகிவிடும். வெளியே இருப்பது மழையில் நனையும். ஆகவே நீண்ட பக்கம் ஒன்றை முழுமையாகத் திறந்து விட்டு, மூன்று பக்கம் மட்டும் சுவர் எழுப்புவதே வழக்கம். திறப்பு 12 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். முழு நீளமும் திறந்திருந்தால் இன்னும் நல்லது. ஆழத்தை 12 அடிக்கு மேல் கொண்டு போகாதீர்கள். ஆழம் கூடினால் பின்மூலையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு குதிரைக்கு அதன் தோளுயரத்தை இரண்டால் பெருக்கி, வரும் எண்ணை அதே எண்ணால் மீண்டும் பெருக்கினால் கிடைப்பதே குறைந்தபட்சப் பரப்பு என்றொரு கணக்கு உண்டு. உங்கள் ஒன்றரை மீட்டர்க் குதிரைக்கு 9 சதுர மீட்டர், இரண்டுக்கும் 18. உங்கள் திட்டத்தில் இருப்பதோ 15 சதுர மீட்டருக்கும் குறைவு. 24 அடிக்கு 12 அடி என்றால் ஏறத்தாழ 27 சதுர மீட்டர் கிடைக்கும். ஒன்று படுத்திருக்கும்போது மற்றது அதை மிதிக்காமல் சுற்றி வர அவ்வளவு இடம் தேவை. குதிரை நின்றபடியே உறங்கும் என்பது பாதிதான் உண்மை. கண்மணி அசையும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். ஈரமில்லாத, அச்சமில்லாத இடம் கிடைக்காவிட்டால் நாள்கணக்கில் படுக்காமல் நின்று, ஒரு கட்டத்தில் முழங்கால் மடங்கிச் சரியும். முன்னங்கால் மூட்டின் முகப்பில் காரணம் தெரியாத சிராய்ப்புகளைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரமண்:

சுவருக்கும் கூரைக்கும் முன் இடத்தைப் பேச வேண்டும். கீழ்க்கோடி மூலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உடனே கைவிடுங்கள். நிலம் முழுவதன் மழைநீரும் வந்து சேரும் இடத்தில் ஒரு கூரையை நிறுத்தி, அந்தக் கூரையின் நீரையும் அங்கேயே இறக்கி, நாளெல்லாம் எட்டுக் குளம்புகள் மிதிக்க விட்டால் என்னவாகும்? கொட்டகை கட்டிய முதல் மழைக்காலத்திலேயே வாசல் உளையாகிவிடும்; குதிரைகள் அந்த உளையைத் தாண்டி உள்ளே போக மறுக்கும். ஈரத்தில் நின்று நின்று குளம்பின் அடிப்பகுதி அழுகும். கணுக்காலின் பின்பக்கத்தில் புண் காணும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். இறவாரத்தையும் சேர்த்து உங்கள் கூரை 37 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 370 லிட்டர் கொட்டும். அது பின்பக்கமாக இறங்கி, பீலி, அதாவது கூரை நீரை ஏந்தும் தகர வாய்க்கால், வழியாகக் கொட்டகையை விட்டு விலகிப் போக வேண்டும். கூரைச் சரிவை முன்பக்கமாக வைத்து, குதிரை நுழையும் இடத்திலேயே அருவி விழச் செய்த கொட்டகைகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நிலத்தில் சற்று மேடான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் ஒரு முறை நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். எங்கே நீர் தேங்கவில்லை என்பதை எந்த வரைபடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. உச்சிமேடும் வேண்டாம், காற்றின் முழு வேகமும் அங்கேதான் இருக்கும். மழைக்காற்று பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ, அந்தத் திசைக்குப் பின்சுவர் முதுகு காட்டட்டும்.

தச்சுக்கோல்:

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கட்டடத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கூரை அடுத்த நிலத்தில் கிடக்கும்.

காற்று திறந்த முகப்பில் புகுந்தால் வெளியேற வழியின்றிக் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். அதே வேளையில் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கும். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 56 கிலோ எடைக்குச் சமம். 37 சதுர மீட்டர்க் கூரைக்கு அது 2,000 கிலோவைத் தாண்டும். தள்ளுவதும் இழுப்பதும் சேரும்போது இதைவிடவும் கூடலாம். தகரமும் கட்டைகளும் சேர்ந்து அதில் பாதி எடைகூட வராது. ஆகவே, 'கனமான கூரைதானே, எங்கே போய்விடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்கு நான் செய்வது என்னவென்றால், தூண்களுக்கு 6 அங்குலச் சதுரக் கட்டை எடுத்து, குறைந்தது 3 அடி, இளகிய மண்ணாக இருந்தால் 4 அடி ஆழத்தில் நட்டு, குழியின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட அகன்றிருக்குமாறு வெட்டிக் கான்கிரீட் இடுவேன். நேராக வெட்டிய குழியில் கான்கிரீட் ஒரு முளைபோல மேலே உருவிக்கொண்டு வரக்கூடும். அடி அகன்றிருந்தால் மேலுள்ள மண்ணின் எடையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். தூணோடு உத்தரத்தைப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். உத்தரத்தோடு கைமரத்தை, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டையை, இரும்புப் பட்டையால் சுற்றிக் கட்ட வேண்டும். தகரத்தை ஆணியால் அடிக்காமல் ரப்பர் வளையமுள்ள திருகாணியால் பிடிக்க வேண்டும். காற்றில் அதிர அதிர ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். கழன்று விழுந்த ஆணி எங்கே போய்ச் சேரும் என்பதைக் குதிரை வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உயரம் முன்புறம் 11 அடி, பின்புறம் 8 அடி வையுங்கள். 12 அடி ஆழத்தில் 3 அடி இறக்கம் கிடைப்பதால் நீர் நிற்காமல் ஓடும். பனி விழும் பகுதியாக இருந்தால் பனியின் எடைக்கேற்பக் கைமரங்களை நெருக்கமாக இட வேண்டியிருக்கும். முகப்பில் சுவர் இல்லாததால் கட்டடம் பக்கவாட்டில் ஆடும். அதைத் தடுக்கத் தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே சாய்வுத் தாங்கு கட்டைகள் தேவை. ஆனால் அவை குதிரை தலையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில் தொடங்க வேண்டும்.

மேய்ச்சல்வெளி:

மூவருக்கும் நன்றி. நேற்று பெய்த மழைக்குப் பின் சொன்னபடி நடந்து பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்த மூலையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. சாய்ந்த மரம் நின்ற இடத்துக்கு 20 அடி தள்ளிச் சற்று மேடான பகுதி இருக்கிறது. அங்கே காலணியில் சேறுகூட ஒட்டவில்லை. இடம் அதுவே என முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சிமெண்டுத் தரை கழுவுவதற்கு எளிது என்பதால் அதை விட மனமில்லை. தகரத் தகடுகளையும் வீணாக்க மனமில்லை.

குளம்படி:

தகடுகளைக் கூரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் கீழ்ப்பகுதிக்கு வேண்டவே வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் மிச்சப்பட்ட தகரத்தால் பின்சுவர் அடைத்தேன். தகட்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நின்றது. மழைநீர் தெறித்துத் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நானே விட்ட இடைவெளி அது. ஒரு நாள் காலையில் மட்டக்குதிரை ஒன்று சுவரோரம் ஆடாமல் நின்றது. அருகில் சென்று பார்த்தபோது, படுத்துப் புரண்டதில் பின்னங்கால் அந்த இடைவெளிக்குள் போயிருக்கிறது என்பதும், அது காலை வெளியே இழுத்தபோது தகட்டு விளிம்பு கத்தியைப்போல் குளம்புக்கு மேலே தோலையும் சதையையும் அறுத்திருக்கிறது என்பதும் தெரிந்தது. நரம்பு தப்பியது. காயம் ஆற ஐந்து மாதமாயிற்று. அந்த இடத்தில் குளம்பு இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. எனவே இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

தரையிலிருந்து 4 அடி உயரம் வரை 2 அங்குலக் கனமுள்ள பலகையால் அடையுங்கள். பலகை தூண்களின் உட்புறத்தில் இருக்க வேண்டும். உதை விழும்போது பலகை தூணின்மேல் அழுந்தும். வெளிப்புறத்தில் அடித்தால் ஒவ்வோர் உதையும் திருகாணியைப் பிடுங்கும். அடிப்பலகைக்கும் தரைக்கும் இடையே குளம்பு நுழையும் சந்து இருக்கக் கூடாது. மண்ணைத் தொடும் அந்த ஒரு பலகை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். அதை மட்டும் கழற்றி மாற்றும்படி அமைத்துவிட்டால் போதும். 4 அடிக்கு மேலே தகரம் அடிக்க விரும்பினால், அதன் கீழ்விளிம்பைப் பலகைக்கு வெளிப்புறமாக இறக்கி மறைத்துவிடுங்கள்.

ஈரமண்:

சிமெண்டுத் தரையைப் பற்றி: லாடம் அடித்த குதிரைக்கு ஈரச் சிமெண்டு வழுக்கும், படுத்தெழும் குதிரைக்கு மூட்டுகளில் புண் வரும், சிறுநீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நெடியடிக்கும். அந்த நெடி அம்மோனியா வாயு. தரையோரம் மூக்கை வைத்துப் படுத்திருக்கும் குதிரையின் மூச்சுக்குழாயை அதுதான் முதலில் கெடுக்கும்.

நீர் இறங்கும் தரை போட்டுவிடலாம். மேல்மண்ணைப் புல் வேரோடு ஓரடி ஆழத்துக்கு வழித்தெடுங்கள். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் என்னும், நீரை மட்டும் கீழே விடும் செயற்கை இழைத் துணியை விரியுங்கள். துணி இல்லாமல் ஜல்லி கொட்டினால் இரண்டு மழைக்காலத்தில் ஜல்லி கீழே போய்ச் சேறு மேலே வந்துவிடும்; துணியின் வேலை இரண்டையும் கலக்க விடாமல் பிரித்து வைப்பதுதான். துணியின்மேல் வழித்த ஆழம் நிறையும் வரை பெருஞ்சல்லி பரப்பி இறுக்கி, அதன்மேல் 6 அங்குலத்துக்கு நுண்சல்லியும் பாறைத்தூளும் கொட்டி, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் மட்டப்படுத்துங்கள். முடிந்த தரை சுற்றுப்புறத்தைவிட அரையடி உயர்ந்தும், முன்பக்கமாக 100-க்கு 1 அல்லது 2 என்ற அளவில் சாய்ந்தும் இருக்கட்டும்.

பலரும் கூரைக்கு உள்ளே மட்டும் இதைச் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். குதிரை அதிகம் மிதிப்பது உள்ளே அல்ல. முகப்புக்கு வெளியே உள்ள முதல் 10 அடியில்தான். அந்தப் பகுதியையும் சேர்த்தால் உங்களுக்கு 528 சதுர அடி வரும். மேலடுக்கு 6 அங்குலத்துக்கு மட்டும் 264 கன அடி, அதாவது ஏழரைக் கன மீட்டர். இறுக்கும்போது அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாகவே வரவழையுங்கள்.

தச்சுக்கோல்:

ஈரமண் அவர்கள் சிமெண்டை முற்றிலும் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்கிய சிமெண்டின்மேல் கனத்த ரப்பர் விரிப்பும் மரத்தூள் படுக்கையும் இட்டு நன்றாக நடக்கும் லாயங்கள் எத்தனையோ உள்ளன.

ஈரமண்:

லாயத்தில் சரி. அங்கே நாள்தோறும் படுக்கை மாற்ற ஆள் இருப்பார். நாம் பேசுவது, குதிரை தானாக வந்து தானாகப் போகும் கொட்டகை. ஒரு குதிரை நாளொன்றுக்குப் போடும் லத்தியும் சிறுநீரும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இரண்டு நாள் அள்ளாமல் விட்டாலும் தாங்கும் தரை எது என்பதே கேள்வி.

தச்சுக்கோல்:

அந்தக் கோணத்தில் ஒப்புக்கொள்கிறேன். திறந்த கொட்டகைக்கு உங்கள் தரையே பொருத்தம்.

கூரைநிழல்:

வெயில் காயும் ஊரில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். வெறும் தகரக் கூரை நண்பகலில் அடுப்புத் தட்டுபோலச் சுடும். அதன் வெப்பம் நேராகக் குதிரையின் முதுகில் இறங்கும். மேற்புறம் வெள்ளைப் பூச்சும், அடியில் பலகையோ வெப்பத்தடைத் தகடோ இருந்தால் வேறுபாட்டைக் கையை உயர்த்திப் பார்த்தே உணரலாம். தகரத்துக்கு அடியிலுள்ள அதே அடுக்கு குளிர்ந்த இரவுகளில் தகரத்தின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டுவதையும் தடுக்கும். பின்சுவரின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் இடையே அரையடி முதல் ஓரடி வரை திறந்து விடுங்கள். சூடான காற்று அதன் வழியே வெளியேறும். ஓலை வேயலாமே என்று சிலர் சொல்வார்கள். வேய்ந்தேன், எட்டிய வரையில் தின்று தீர்த்துவிட்டன.

மேய்ச்சல்வெளி:

குளிர்காலத்துக்கு அந்தத் திறப்பு கேடில்லையா? கிழக்குதிரை என்பதால் கேட்கிறேன்.

குளம்படி:

கேடில்லை. நார்த்தீவனம் பெருங்குடலில் புளிக்கும்போது உண்டாகும் சூடே குதிரைக்கு உள்ளடுப்பு. வயிறு நிறையக் காய்ந்த புல்லும் உலர்ந்த மயிரும் இருந்தால், உறைநிலைக்குக் கீழான குளிரையும் பழகிய குதிரை தாங்கும். அதை வீழ்த்துவது மழையும் காற்றும் சேர்ந்து வருவதுதான். நனைந்த மயிர் உடலோடு ஒட்டிக்கொண்டால் அதற்கிடையே காற்று நிற்காது, கதகதப்பும் போய்விடும். ஆகவே தலைக்கு மேலே காற்றோட்டம் இருக்கட்டும். உடலின் மட்டத்தில் காற்று அடிக்காமல் இருந்தால் போதும். 19 வயதென்றால் பல் தேய்ந்து புல்லைச் சரியாக மெல்ல முடியாமலும் இருக்கலாம், பல்லைக் காட்டிவிடுங்கள். கூரையால் சரியாகாத குளிர் அது.

இன்னொன்று. வேலி அருகில் இருந்தால், கொட்டகையை வேலியோடு முழுதாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் 15 அடிக்கு மேல் தள்ளி வையுங்கள். இடையில் ஒரு குதிரை மட்டும் நுழையும் அளவுச் சந்து இருந்தால் அதில்தான் விரட்டு நடக்கும்.

பசுந்தழை:

நிழலுக்காகச் சுற்றிலும் செடி வைக்கும் எண்ணம் வந்தால், அரளியை நெருங்க விடாதீர்கள். சில இலைகளே குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும், காய்ந்த சருகுக்கும் அதே நஞ்சு உண்டு. படுக்கைக்கு மரத்தூள் வாங்கும்போது கருப்பு வால்நட் மரத்தூள் கலக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதன்மேல் நின்றாலே ஒரு நாளுக்குள் குளம்பு அழற்சி தொடங்கிவிடும். தார் எண்ணெய் பூசிய பழைய தண்டவாளக் கட்டைகளையும் தூணுக்கு எடுக்க வேண்டாம், குதிரைகள் மரத்தைக் கடிக்கும்.

மேய்ச்சல்வெளி:

ஐந்து மாதங்களுக்குப் பின் எழுதுகிறேன். கொட்டகை முடிந்து ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. 24 அடிக்கு 12 அடி. முகப்பு முழுவதும் திறப்பு, நடுவில் ஒரே ஒரு தூண். தரைக்கு ஈரமண் அவர்கள் சொன்னதை அப்படியே செய்தேன். ஜல்லி ஒரு வண்டி குறைந்ததால் முன்தரையை 10 அடிக்குப் பதில் 7 அடியில் நிறுத்தினேன்; சரியாக எட்டாவது அடியில் சேறு தொடங்குகிறது. அடுத்த கோடைக்குள் நீட்டிவிடுவேன்.

முதல் பெருமழை இரவில் விளக்குடன் போய்ப் பார்த்தேன். பெட்டைக்குதிரை உள்ளே கால் மடக்கிப் படுத்திருந்தது; முதுகில் கை வைத்தபோது மயிர் முழுவதும் உலர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளில் அது படுத்து நான் பார்த்ததே இல்லை. இளையதோ வெளியே, பின்சுவருக்கு அப்பால், காற்றுக்கு முதுகைக் காட்டி நனைந்துகொண்டு நின்றது. உள்ளே போகச் சொல்லி இழுத்தும் வரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நடுத்தூணில் இரண்டும் பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து வால் மயிரை உதிர்க்கின்றன. தூணும் சற்று அசைவதுபோல் தோன்றுகிறது.

குளம்படி:

இளையது வெளியே நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஈக்கள் பெருகும் கோடை நண்பகலில் அதுதான் முதலில் உள்ளே நிற்கும். வால் தேய்ப்பதற்குக் குடற்புழுவும் காரணமாகலாம். ஆசனவாயைச் சுற்றி ஒட்டுநாடா ஒற்றிப் புழு முட்டை இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் பிறகு தூணைக் குறை சொல்லுங்கள்.

தச்சுக்கோல்:

தூண் அசைவது தோற்றமா உண்மையா என்பதை உறுதி செய்யுங்கள். தூக்குக்குண்டு கட்டி இன்று ஒரு கோடு கிழித்துவிட்டு, பத்து நாள் கழித்து மீண்டும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அடியைத் தோண்டி, கான்கிரீட்டுக்கும் கட்டைக்கும் இடையே பிளவு விட்டிருக்கிறதா என்று பார்த்துப் படத்துடன் எழுதுங்கள். அதுவரை அந்தத் தூணுக்கு மேலுள்ள உத்தரத்தின் போல்ட்டுகளை மட்டும் ஒரு சுற்று முடுக்கி வையுங்கள். புது மரம் காய்ந்து சுருங்கும்போது அவை எப்படியும் தளர்ந்திருக்கும்.